இன்னொரு முறை ஏறுங்கள், அண்ணே

கோவிந்தன் அண்ணனை லோரியில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பியவன் நான். ஜப்பான்காரன் இல்லை, பட்டியல் எழுதிய கிராணியும் இல்லை. நான்தான்!

இத்தனை காலம் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என்னை வேறு விதமாக அறிந்திருப்பீர்கள். தோட்டத் தொழிலாளரின் துயரத்தைப் படமாக்கியவர், வேலைநிறுத்தச் செய்தி எழுதிச் சிறைக்குப் போய் வந்தவர், அதிகாரத்துக்கு வளையாதவர்... மேடையில் மாலை போடும்போதெல்லாம் இவற்றையும் சேர்த்தே சொல்வார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று நினைத்தீர்கள்.

என் உதவியாளர்களுக்கு நான் விதித்த சட்டம் ஒன்று உண்டு. நடந்து முடிந்ததை மறுபடி நடத்திக் காட்டும்படி யாரையும் கேட்கக் கூடாது, தவறவிட்டால் தவறவிட்டதுதான். பத்திரிகைகள் இதை என் நேர்மை என்று எழுதின. அந்த நேர்மை எங்கே கற்றது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன்.

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் நுழைந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. காஜா பேராங்கில் வாடகை அறை. நகரத்துப் போட்டோ கடையில் வேலை. கடையை மூடிவிட்டார்கள். பிரச்சார அலுவலகத்துக்குப் படம்பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூட்டிப் போனார்கள். கட்டாயத்தால் போனேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அவர்கள் அரிசி கொடுத்தார்கள். கையில் ஒரு சினிமா கேமராவும் கொடுத்தார்கள். அந்தக் கேமராவுக்காக நான் அரிசி இல்லாமல்கூடப் போயிருப்பேன்.

அடுத்த வீட்டில் இருந்தவர் கோவிந்தன் அண்ணன், சலவைத் தொழிலாளி. சோப்பு கிடைக்காத அந்தக் காலத்திலும் சாம்பல் தண்ணீரில் வெளுத்து, என் காக்கிச் சட்டையை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து தருவார். ஆனால் ஊரில் உடுத்தவே துணி இல்லாதபோது வெளுக்க எங்கிருந்து துணி வரும்? வீட்டில் மரவள்ளிக்கிழங்கு தவிர வேறொன்றும் இல்லை. சயாமில் ரயில் பாதை போட மூன்று மாத வேலை, வயிறாரச் சோறு என்று சொன்னதை நம்பிப் பெயர் கொடுத்துவிட்டார். அவர் மனைவி அமிர்தம் அண்ணி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

பெயர் கொடுத்தவர்களை ஒரு காலையில் திடலில் கூட்டினார்கள். மகிழ்ச்சியோடு தொழிலாளர்கள் புறப்படுவதைப் படமெடுக்க வேண்டும் என்பது எனக்கு இட்ட உத்தரவு. கடைசி லோரி நின்றிருந்தது. தோட்டங்களிலிருந்து வந்த ஆட்கள் வரிசையாக ஏறினார்கள், அண்ணனும் ஏறினார். நான் கேமராவின் விசையை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கேமரா சுருள்வில்லால் ஓடுவது. பக்கத்தில் இருக்கும் சாவியை முறுக்கிவிட வேண்டும். முறுக்குத் தீர்ந்தால் நின்றுவிடும். அன்று நான் முறுக்க மறந்திருந்தேன்... எல்லோரும் ஏறி முடித்த பிறகுதான் கேமராவுக்குள் சத்தமே இல்லை என்பது உறைத்தது. ஏறும் காட்சி ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அலுவலகத்தில் எனக்குக் கன்னத்தில் அறை நிச்சயம்.

அந்த நேரத்தில்தான் அமிர்தம் அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து, பட்டியல் எழுதிய குமாஸ்தாவான கிராணியின் காலில் விழுந்தார். கிராணி தமிழர், ஈரம் உள்ளவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பட்டியலில் ஒரு கோடு இழுத்தார்.

“பேர அடிச்சிட்டேன். சட்டுனு எறங்கிப் போயிடு. யார்கிட்டயும் பேசாத.”

அண்ணன் இறங்கினார். ஒரு வேட்டியும் துண்டும் கட்டிய சிறு மூட்டையை அண்ணியிடம் கொடுத்து, “நீ முன்னால நட, பின்னாடியே வந்துடறேன்” என்று அனுப்பினார். அண்ணி போய்விட்டார். அண்ணனும் போயிருக்கலாம். ஆனால் சந்தோஷத்தைச் சொல்ல என்னிடம் வந்தார்.

“தம்பி, நான் போகல. பேர அடிச்சிட்டாரு.”

அவருடைய வெள்ளைச் சட்டை வெயிலில் பளிச்சென்று இருந்தது. படத்தில் நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். ஆம், அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அதுதான்!

“அண்ணே, ஒரே ஒரு தடவ ஏறிக் காட்டுங்க. படத்துக்குத்தான். ஏறினதும் எறங்கிடலாம்.”

அவர் லோரியைப் பார்த்தார். “ஏறினா மறுபடி விடுவானா, தம்பி?”

“அதான் நான் இருக்கேன்ல, அண்ணே.”

அவர் ஏறினார். இந்த முறை சாவியை முழுதாக முறுக்கியிருந்தேன். முகத்தைத் திருப்பிச் சிரிக்கும்படி கையசைத்தேன். சிரித்தார். காவலுக்கு நின்ற சிப்பாய்க்குப் பட்டியலும் தெரியாது, கோடும் தெரியாது. பின்கதவை ஏற்றிக் கொக்கியை மாட்டினான். லோரி நகர்ந்தது. நான் நிறுத்தச் சொல்வேன் என்று நம்பி அவர் இன்னும் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

நான் கத்தினேனா? இல்லை. ஓடினேனா? இல்லை. சிப்பாயின் துப்பாக்கிக்குப் பயந்தேன் என்று உங்களிடம் சொல்லலாம், நீங்களும் நம்புவீர்கள். உண்மை அதைவிடக் கேவலமானது. காட்சி நன்றாக வந்துகொண்டிருந்தது... முறுக்குத் தீரும்வரை விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. கேமராவிலிருந்து கண்ணை எடுத்தபோது லோரி சாலை வளைவில் திரும்பிவிட்டது. கிராணி என்னை ஒருமுறை பார்த்தார். வாயைத் திறந்தால் அவர் போட்ட கோட்டுக்கு அவர் தலை போகும். பட்டியலை மடித்துக்கொண்டு போய்விட்டார். சில வாரங்களில் ஊரைவிட்டும் போய்விட்டார்.

அன்று மத்தியானம் அண்ணி என் வாசலில் வந்து நின்றார். கிழங்கை அவித்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

“தம்பி, அவரு இன்னும் வரல. பாத்தீங்களா?”

“எறங்கிப் போறதப் பாத்தேன், அண்ணி.”

நாக்கு அதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிற்று!

படச்சுருளைக் கழுவ சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். சில நாளில் ஒரு துண்டு மட்டும் திரும்பி வந்தது. கையசைத்தபோது என் கை படத்துக்குள் விழுந்திருந்ததாம்; பயன்படாது என்று வெட்டி ஒதுக்கிவிட்டார்கள். அதற்காக நான் பயந்த அந்த அறையும் கிடைத்தது. எந்தப் படத்துக்காக ஊர் பேர் தெரியாத காட்டுக்கு ஒரு மனிதரை அனுப்பினேனோ, அந்தப் படத்தை உலகில் ஒருவரும் பார்க்கவில்லை. துண்டை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன்.

யுத்தம் முடிந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள்; அந்தக் கடைசி லோரியில் போனவர்கள் ஒருவரும் அவர்களில் இல்லை. அவர் வரவில்லை. பட்டியலில் அவர் பெயர்மேல் கோடு இருந்தது. ஆகவே அவர் சயாமுக்குப் போகவே இல்லை. ஆகவே பிள்ளைத்தாச்சியை விட்டுவிட்டு எவளோடோ ஓடிவிட்டார். ஊர் அப்படித்தான் பேசியது. அண்ணிக்கு நெற்றிப் பொட்டை அழிப்பதா வைப்பதா என்று தெரியவில்லை. திதி கொடுக்க நாள் தெரியவில்லை. கொடுக்கலாமா என்பதே தெரியவில்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து மகள் தேவகியை வளர்த்தார்.

நான் பத்திரிகையாளனானேன், படமெடுப்பவனானேன். ஏழைகளுக்காக எடுத்த ஒவ்வொரு படத்தையும் அவர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேனோ என்னவோ... பல ஆண்டுகள் கழித்து, சயாமில் ஆட்களை இழந்த குடும்பங்களைப் பற்றிப் படமெடுத்தேன். உங்களில் பலர் அதைப் பார்த்து அழுதிருக்கிறீர்கள். அப்போது அண்ணி என்னைத் தேடி வந்தார்.

“அவரு என்ன விட்டுட்டு ஓடுற மனுசன் இல்ல, தம்பி. அங்கதான் போயிருக்கணும். அவரு பேரையும் சேத்துக்கங்க.”

“பட்டியல்ல பேரு இல்லையே, அண்ணி. ஆதாரம் வேணும்ல.”

ஆதாரம் கேட்டேன்! என் கட்டிலுக்கடியில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு, நான் கேட்டேன். அதில் அவர் ஏறுகிறார். அவரை ஏறச் சொல்லும் என் கையும் இருக்கிறது. ஒன்றைக் காட்டினால் மற்றொன்றையும் காட்ட வேண்டும். அண்ணி தலையாட்டிவிட்டுப் போனார். புருஷன் விட்டுப்போனவள் என்ற பெயரோடும் பொட்டோடும்தான் செத்தார்.

இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். இதில் என்ன வீரம்? நீங்கள் எனக்குச் சோறு கொண்டுவரப் போவதில்லை. கொண்டுவருகிறவள் தேவகி. அவள் மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேனா? எனக்கே தெரியவில்லை.

போன வாரம் சோற்றை வைத்துவிட்டு, அறையைப் பெருக்கிக்கொண்டே கேட்டாள்.

“சித்தப்பா, ஊர்ல எல்லாரையும் படம் புடிச்சிருக்கீங்க. எங்கப்பா மொகத்த நான் பாத்ததே இல்ல. ஒரு படங்கூட இல்லையா?”

கேட்டபடியே கட்டிலுக்கடியிலிருந்த பிஸ்கட் டின்னை வெளியே இழுத்தாள். அடியில் பெருக்கினாள். மூடியிலிருந்த தூசியை முந்தானையால் துடைத்து, டின்னை மறுபடி அதே இடத்தில் தள்ளி வைத்தாள்.

“இல்லம்மா” என்றேன்.