சாவியைக் கேட்காத மதியம்

எனக்கு வரன் பேசியபோது அப்பா முதலில் விசாரித்தது சம்பளத்தை அல்ல, பழக்கவழக்கத்தை. பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று அவர்கள் தரப்பில் அடித்துச் சொன்னார்கள். கல்யாணமாகிப் பத்து வருடமாக அந்த ஒரு வாக்கியத்தை நானும் என் கணவரும் சேர்ந்து காப்பாற்றி வந்தோம். மாதத்துக்கு இரண்டு முறை, நண்பர்கள் வீட்டில், அவர் குடிப்பார். மதுரைக்கு வீடியோ காலில் பேசும்போது மட்டும் அவர் குடிக்காதவர்.

அப்பா மதுரையிலிருந்து நியூசிலாந்துக்கு, ஆக்லாந்தில் இருக்கும் எங்களைப் பார்க்க வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான எங்கள் ரெசிடென்ஸ் விண்ணப்பம் அப்போது விசா அலுவலகத்தில் இருந்தது. கணவரின் வேலையை வைத்துத்தான் அவர், நான், மகள் என மூன்று பேருக்குமாக விண்ணப்பித்திருந்தோம். அவருக்குக் கிடைத்தால் எங்களுக்கும் கிடைக்கும். இல்லாவிட்டால் இருக்கிற விசா முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் குழந்தைக்குப் பிறந்தநாள், பகல் சாப்பாடு. இந்த ஊரில் எங்கள் விருந்துகள் எல்லாமே ஒரே மாதிரிதான். பெண்கள் ஹாலில், பிள்ளைகள் பின்பக்கப் புல்லில், ஆண்கள் கராஜில். கராஜில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று எந்தப் பெண்ணும் கேட்பதில்லை. தெரியாததால் அல்ல.

"மாப்பிள்ளையக் காணோமே?" என்று அப்பா கேட்டார்.

வீட்டுக்கார அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். "அவையள் கராஜுக்குள்ள கதைச்சுக்கொண்டிருக்கினம், ஐயா. நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ."

அப்பா உட்கார்ந்து சாப்பிட்டார்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். கணவர் ஏலக்காயை மென்றுகொண்டு வந்தார். பிரியாணியில் ஏலக்காய் அகப்பட்டால் முகத்தைச் சுளித்துத் துப்புகிறவர். இந்த மாதிரி நாட்களில் கார் பக்கத்தில் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் சாவியை என் கையில் வைத்துவிடுவார். நான் தினமும் கார் ஓட்டித்தான் வேலைக்குப் போகிறேன், எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆனால் அன்று அப்பா பக்கத்திலேயே நின்றார். சாவி கை மாறினால் ஏன் என்ற கேள்வி வரும். கணவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த கேக் டப்பாவைப் பார்த்தேன்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பின்சீட்டில் ஏறிக்கொண்டே, "அம்மா, யூ டிரைவ். அப்பா ஸ்மெல்ஸ் ஃபன்னி," என்றாள்.

"வாய மூடிக்கிட்டு பெல்ட்டப் போடு," என்றேன்.

அவரே ஓட்டினார். ஒடாஹுஹு என்ற பகுதியைத் தாண்டினால் பாபடோயிட்டோய், எங்கள் வீடு இருக்கும் இடம். தாண்டவில்லை. பட்டப்பகலில், நல்ல வெயிலில், ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து எல்லாக் காரையும் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் மூச்சில் மது இருக்கிறதா என்று காட்டும் ஒரு கருவியை நீட்டிப் பெயரையும் விலாசத்தையும் சொல்லச் சொன்னார். இவர் சொன்னார். அடுத்து ஊதச் சொன்னார். பிறகு ஓரமாக நின்ற போலீஸ் பஸ்ஸுக்குள் அழைத்துப் போனார்.

இங்கே ஒரு லிட்டர் மூச்சில் இருநூற்றைம்பது மைக்ரோகிராம் ஆல்கஹால் வரைக்கும் விடுகிறார்கள். அதற்கு மேல் நானூறு வரைக்கும் அபராதமும் லைசன்ஸில் புள்ளிகளும்தான். நானூறைத் தாண்டினால் கோர்ட். இவருக்கு நானூற்று முப்பத்தாறு. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று வரவில்லை. மடியில் கேக் டப்பா சாயாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போலீஸ்காரர் என்னிடம் வந்து எனக்கு லைசன்ஸ் உண்டா, குடித்திருக்கிறேனா என்று கேட்டார். உண்டு, குடிக்கவில்லை என்றேன். என்னையும் ஊதவைத்தார். ஒன்றுமில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். த்ரீ கிங்ஸில் நான் கை நீட்டியிருந்தால் கிடைத்திருக்கும் அதே சாவி. நான்தான் வீடுவரை ஓட்டினேன்.

கோர்ட்டில் எல்லாம் சில நிமிடத்தில் முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம், ஆறு மாதத்துக்கு ஓட்டத் தடை, பெயரில் ஒரு தண்டனைப் பதிவு. காலையில் அவரை வேலையில் இறக்கிவிட்டு நான் வேலைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. காரில் டிராஃபிக்கைப் பற்றிப் பேசுவோம்.

அடுத்த மாதம் விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பதாரரின் நன்னடத்தை குறித்துக் கவலை எழுந்திருக்கிறது, விளக்கம் தரவும். கல்யாணத்துக்கு முன் அப்பா கேட்டதைத்தான் அவர்களும் கேட்டிருந்தார்கள். அடித்துச் சொல்ல இப்போது யாரும் இல்லை.

எங்கள் வக்கீல், நியூசிலாந்துக்காரப் பெண்மணி, காகிதங்களைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். லைசன்ஸ் உள்ள, குடிக்காத மனைவி பக்கத்து சீட்டில் இருக்கும்போது இவர் ஏன் ஓட்டினார்? மாமனார் முன்னால் சாவியைக் கொடுப்பது என்றால் என்ன என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடித்தபோது எனக்கே புரியவில்லை. வக்கீல் யோசித்துவிட்டு, இவர் குடித்திருந்தது காரில் வேறு யாருக்கும் தெரியாது, தெரியாதபடிதான் நடந்துகொண்டார் என்று உங்கள் அப்பா எழுதிக் கொடுத்தால் உதவலாம் என்றார்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அப்பா முன்னால் காகிதத்தையும் பேனாவையும் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

"தெரியாதுன்னு எப்படிம்மா எழுதுறது? கார்ல ஏறயிலேயே வாட வந்துச்சே."

"அப்ப ஏம்ப்பா ஒண்ணும் சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் மறைக்க அம்புட்டுப் பாடுபடுறீங்க. மாப்பிள்ளைக்குச் சங்கடமாப் போயிருமேன்னு சும்மா இருந்துட்டேன்." பிறகு தாழ்ந்த குரலில், "எழுதணும்னா எழுதித் தர்றேன், சொல்லு," என்றார்.

வேண்டாம் என்றேன். காகிதத்தை எடுத்து நானே எழுதினேன். அவர் குடித்திருந்தது எனக்குத் தெரியும், என் அப்பாவுக்கும் தெரியும், ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று. வக்கீல் அதைப் படித்துவிட்டு, இது உதவாது என்றார். இருக்கட்டும் என்று அனுப்பச் சொன்னேன்.

அப்பா ஊர் திரும்பிவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. இப்போது எங்கே போனாலும் நான்தான் ஓட்டுகிறேன். காரில் நான்கு பேருக்குத் தெரிந்ததை அன்று வாய்விட்டுச் சொன்னவள் என் மகள் மட்டும்தான். இப்போதெல்லாம் அவள் காரில் ஏறியதும் நான் சொல்லாமலே பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இறங்கும்வரை வாயே திறப்பதில்லை.