குதிரைகளுக்குப் பின்னால் ஒரு பிரதிநிதி

ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் யார் முன்னால் போவது, யார் பின்னால் வருவது என்பதை எங்கள் ஊரில் ஒருத்திதான் முடிவு செய்வாள். ஆர்டிஸ் வோல்கர் என்று பெயர். எங்கள் ஊரான பெக்கர்ஸ் ஃபோர்டுக்கு மேயர் உண்டு, ஷெரீஃப் உண்டு, தீயணைப்புத் தலைவர் உண்டு. அன்று காலை மட்டும் மூன்று பேரும் அவள் விசிலுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இந்த ஊரில் பாதிப் பேரைச் சிறுவயதில் "உக்காரு" என்று அதட்டியவள், மீதிப் பேரின் பெற்றோரை அதட்டியவள். தினமும் காலையில் என் ஹார்டுவேர் கடைக்கு வந்து, என் காபியைக் குடித்துக்கொண்டே, என் செய்தித்தாளை எனக்கே உரக்கப் படித்துக் காட்டுவாள். காபி சுமார் என்றும் சொல்வாள். வாஷிங்டனில் யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள், எந்த மசோதா எங்கே சிக்கியிருக்கிறது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். யார் ஜெயித்தாலும் மறுநாளே திட்ட ஆரம்பித்துவிடுவாள்.

ஊர்வலத்தில் அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. ஸ்டுப்பே வீட்டு ஆறு பெல்ஜியக் குதிரைகள் எப்போதும் கடைசியில்தான் வரும். அவற்றுக்குப் பின்னால் மண்வாரியும் தள்ளுவண்டியுமாக இரண்டு பேர். ஏன் என்று குதிரை வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடம் குதிரைகளை பேண்டு வாத்தியக்காரர்களுக்கு முன்னால் விட்டுவிட்டார்கள். டியூபா என்ற அந்தப் பெரிய பித்தளை ஊதுகுழலைக் கட்டிக்கொண்டு வாசிப்பவனுக்குத் தன் கால் தெரியாது. பாவம், அந்தப் பையனை ஊர் இன்னும் மறக்கவில்லை.

போன வருடம் வசந்தத்தில்தான் வினை வந்தது. எங்கள் தொகுதிப் பிரதிநிதி லைல் ப்ரெனக் ஒரு மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். மலை மாதிரி மசோதா. அதன் நடுவில் எங்கேயோ சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு வரும் உதவியில் கை வைத்திருந்தார்கள். அது நிறைவேறினால் எங்கள் ஆஸ்பத்திரியில் இரவு நேர அவசரப் பிரிவை மூட வேண்டியதுதான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அடுத்த ஆஸ்பத்திரி ஒரு மணி நேர ஓட்டம். பனிக்காலம் என்றால் கடவுள் விட்ட வழி. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஆர்டிஸின் புருஷன் மெர்ல் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது இந்த அவசரப் பிரிவுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதனால் அவளுக்கு இது செய்தித்தாள் சமாச்சாரம் இல்லை.

லைல் அதற்குப் பிறகு ஊர்ப் பக்கம் வந்து கூட்டம் போடவில்லை. தொலைபேசியில் ஒரு கூட்டம் நடத்தினார். நாம் கேள்வி கேட்க வரிசையில் காத்திருக்க வேண்டும், யாரோ வடிகட்டி உள்ளே அனுப்புவார்கள். ஆர்டிஸ் கடைசிவரை காத்திருந்தாள். அவளை வடிகட்டிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில், பார் முழுக்க ஆட்கள் இருக்கும்போது, பிராந்தி கிளாஸை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த வருஷம் லைல் குதிரைக்குப் பின்னாடிதான் நடக்கப் போறான்."

பார் குலுங்கியது. அரசியல்வாதிகள் ஊர்வலத்தில் நடப்பதே இல்லை, ஓடுவார்கள். இந்தப் பக்க நடைபாதைக்கு ஓடி ரெண்டு கை குலுக்கல், அந்தப் பக்கம் ஓடி ஒரு மிட்டாய் வீச்சு, கேள்வியோடு ஒருவர் வாயைத் திறப்பதற்குள் ஆள் அடுத்த தெருவில் இருப்பார். குதிரைக்குப் பின்னால் அந்த ஓட்டம் நடக்காது. தலையைக் குனிந்து, ஒவ்வொரு அடியாகப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

சொன்ன வாய் மூடுவதற்குள் அவளுக்கே சோதனை வந்தது. மெர்லுக்கு உடைந்த இடுப்பு சரியாகக் கூடவில்லை, மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்றார்கள். மெர்ல் கடற்படையில் இருந்தவர், செலவை அரசாங்கம் ஏற்கும். ஆனால் அனுமதி வரவில்லை. ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டியது, அது திரும்ப முதலாவதைக் கை காட்டியது. எந்த அலுவலகங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்கும் அங்கே வேலை இருக்கிறது. மெர்ல் மாடிப்படி ஏற முடியாமல் கூடத்துச் சாய்வு நாற்காலியிலேயே தூங்கினார்.

"லைலோட ஆபீசுக்கு ஃபோன் போடு. அரசாங்க ஆபீசுல சிக்கினத எடுத்துக் குடுக்கன்னே ஆள் வெச்சிருக்காங்க," என்றேன்.

"அவன் கிட்ட போயி நிக்கணுமா? அதுக்கு மெர்ல நானே முதுகுல தூக்கிட்டுப் போவேன்."

"தூக்கு. அப்பறம் உனக்கும் சேத்து அனுமதி வாங்கணும்."

ஒரு வாரம் என் காபியைத் தொடவில்லை. பிறகு ஒரு மத்தியானம் கண் சிவந்து வந்தாள். மெர்ல் டிராக்டரில் ஏறப் போய், பாதியில் மாட்டிக்கொண்டு, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றிருக்கிறார். கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே நின்றாராம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள். ஆத்திரத்தில் காது கேட்காது அவளுக்கு.

லைலின் தொகுதி அலுவலகத்தில் ஃபோனை எடுத்தது நடீன் குபியாக் என்ற பெண்.

"முதல்லயே சொல்லிடறேன். நான் உங்காளுக்கு ஓட்டுப் போட்டதே இல்ல," என்றாள் ஆர்டிஸ்.

"நான் அத கேக்கலயேம்மா. உங்க வீட்டுக்காரரு பொறந்த தேதியக் கேட்டேன்."

நான் ஆணிப் பெட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தால் அடி விழும்.

நடீன் என்ன செய்தாள், யாரைப் பிடித்து உலுக்கினாள் என்பது தெரியாது. மே மாதம் முடிவதற்குள் மெர்லுக்குப் புது இடுப்பு வந்துவிட்டது. ஜூனில் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் கைத்தடியோடு நடை பழகிக்கொண்டிருந்தார், போகிற வருகிற செவிலியர்களிடம் நடனத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டுக்கொண்டு.

ஆர்டிஸுக்கோ இப்போது இரண்டு பக்கமும் இடி. அந்த மசோதாவை செனட் மாற்றித் திருப்பி அனுப்பியிருந்தது, ஜூலை நான்கு முடிந்த மறுவாரம் கடைசி ஓட்டு. அதற்கு முன்னால் லைல் எங்கள் ஊருக்கு வரும் ஒரே நாள் ஊர்வல நாள். கேட்டால் அன்றைக்குக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லை. கேட்க வேண்டியவளோ என் கடை மூலையில் உட்கார்ந்து ஊர்வல வரிசையை எழுதுகிறாள், அழிக்கிறாள்.

"எனக்கு வெக்கமா இருக்கு ராய்ஸ்," என்றாள். "அவர் புண்ணியத்துல மெர்ல் நடக்கறாரு. நான் அவர சாணிக்குப் பின்னாடி நிறுத்தறதா? நிறுத்தலைன்னா, ஒரு இடுப்புக்கு ஊர் ஆஸ்பத்திரிய வித்துட்டேன்னு ஆகும்."

'அவன்' அதற்குள் 'அவர்' ஆகியிருந்ததைக் கவனித்தேன். சொல்லிக் காட்டவில்லை. எனக்கும் அவள் நிலைமை சங்கடமாகத்தான் இருந்தது.

கடைசியில் நடீனுக்கே ஃபோன் போட்டு, நன்றி சொல்லிவிட்டு, விஷயத்தையும் உடைத்துச் சொன்னாள்.

"இடுப்பு ஒரு இழுப்பறை, ஓட்டு வேற இழுப்பறை," என்றாள் நடீன். "நான் ஒண்ணுலதான் வேலை பாக்கறேன். அதத் திறக்கறப்ப இன்னொண்ணுல என்ன இருக்குன்னு நான் பாக்கறதில்ல. அவரு எங்க நடக்கணுங்கறது உங்க சமாச்சாரம். நல்ல ஷூவா போட்டுட்டு வரச் சொல்றேன்."

சொன்னாளோ இல்லையோ, ஊர்வலத்தன்று லைல் பளிச்சென்ற வெள்ளை ஷூவில் வந்து இறங்கினார். கையில் மிட்டாய் வாளி, பின்னால் பதாகை பிடிக்க இரண்டு இளைஞர்கள். ஊர்வலம் கிளம்பும் தீவன ஆலைக்குப் பக்கத்தில் தரையில் சுண்ணாம்பால் போட்டிருந்த வரிசை எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், தன் எண்ணின் மேல் நின்று தலையைத் தூக்கினார். ஆறு பெரிய பின்புறங்கள் தெரிந்தன.

"ஆர்டிஸ், நம்பர் ஏதோ மாறிப்போச்சு போலிருக்கே?"

"மாறலையே."

அப்புறம் அவள் செய்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். என் கடையிலிருந்து எடுத்து வந்த மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு லைலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வழக்கமாக வாரும் இருவரும் தள்ளுவண்டியோடு ஒதுங்கிக்கொண்டார்கள். விசில் இருப்பவன் முன்னால் போக வேண்டும். நான் போகவில்லை, இவர்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன். அந்த வருடம் தீயணைப்பு வண்டி பேண்டை முந்திக்கொண்டு போனதற்கு அதுதான் காரணம்.

பிரதான வீதியில் திரும்பியதுமே லைல் வலப்பக்க நடைபாதைக்குத் தாவப் பார்த்தார். அங்கே ஒரு குவியல். இடப்பக்கம் பார்த்தார். அங்கே சூடாக இன்னொன்று.

"பாத்து வாங்க லைல். என் கூடவே வாங்க," என்று வாரி வழி பண்ணிக் கொடுத்தாள் ஆர்டிஸ்.

"மெர்ல் எப்படி இருக்காரு? எங்க ஆபீஸ்ல கூட..."

"நடக்கறாரு. அதுக்கு மனசார நன்றி சொல்றேன். காலத்துக்கும் மறக்க மாட்டேன்."

"அப்படியும் என்னக் கொண்டாந்து இங்க நிறுத்திட்டீங்க."

"அது உங்க வேலை, நல்லாச் செஞ்சீங்க. இது என் வேலை."

எங்கள் ஊர்வலம் ஆஸ்பத்திரிக்கு முன்னால் நிற்கும். நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள், பேண்டு அவர்களுக்காக ஒரு பாட்டு முழுசாக வாசித்த பிறகுதான் நகரும். பேண்டு நின்றது, டிராக்டர்கள் நின்றன, குதிரைகள் நின்றன. லைலும் நின்றார், சரியாக அவசரப் பிரிவுக் கதவுக்கு நேராக. மெர்ல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அங்கே நின்றிருந்தார். தெரு முழுக்க ஊர்.

ஆர்டிஸ் மண்வாரியைத் தரையில் ஊன்றினாள். பள்ளிப் பேருந்தில் அதட்டிய அந்தப் பழைய குரல் வந்தது.

"அடுத்த வாரம் அந்த மசோதா திரும்ப வருது. ராத்திரி இந்தக் கதவு திறந்திருக்குமா, இருக்காதா?"

"கிராமப்புற மருத்துவத்தைப் பலப்படுத்த நாங்க எப்பவுமே..." என்று மனப்பாடத்தை ஆரம்பித்தார் லைல். இடது ஓரத்துக் குதிரை வாலைத் தூக்கியது. வெள்ளை ஷூ வெள்ளையாக இருந்தது அதுவரைதான். தெருவே சிரித்தது. ஆர்டிஸ் சிரிக்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தாள்.

லைல் ஷூவைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"அது ஆயிரம் பக்கம் ஆர்டிஸ். இந்த ஆஸ்பத்திரி பேரு அதுல எங்கயும் இல்ல."

"எங்க பேரு எதுலதான் இருந்துச்சு? அதுக்குத்தானே உங்கள அனுப்பினோம்."

பேண்டு ஓய்ந்து குதிரைகள் நகர்ந்தன. லைல் அதன் பிறகு ஒரு மிட்டாய் கூட வீசவில்லை. ஆர்டிஸ் வாரிக்கொண்டே வந்தாள், அவர் பக்கத்தில் நடந்தே வந்தார். ஊர்வலம் கலைந்த பின் தீயணைப்பு நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, வந்தவர் எல்லோர் பேச்சையும் கேட்டார். யாரும் வடிகட்டவில்லை.

மறுவாரம் என் கடைத் தொலைக்காட்சியில் ஓட்டெடுப்பைப் பார்த்தோம். லைல் எதிர்த்து ஓட்டுப் போட்டார். அப்படியும் மசோதா நிறைவேறிவிட்டது. ஒரு ஓட்டில் என்ன ஆகும்? ஆர்டிஸ் என் கல்லாவில் தலை கவிழ்ந்து அழுதாள். இப்போதைக்கு மாவட்ட நிர்வாகம் எங்கிருந்தோ பணத்தை இழுத்துப் பிடித்து அந்தக் கதவை இரவிலும் திறந்து வைத்திருக்கிறது. அடுத்த வருடம் எப்படியோ, யாருக்கும் தெரியாது.

இந்த வருடம் ஜூன் மாதம், ஆர்டிஸ் மூலையில் உட்கார்ந்து வரிசை எழுதிக்கொண்டிருந்தபோது நடீன் கடைக்கே ஃபோன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அவரு எங்க நடக்கணும்னு கேக்கச் சொன்னாரு."

ஆர்டிஸ் பென்சிலைக் காதில் செருகினாள். "அவரு செஞ்சது பெரிய காரியம்னு நான் சொன்னேன்னு சொல்லு. ஆனா முன்னாடி விட்டா மறுபடி ஓட ஆரம்பிச்சிடுவாரு. கேக்க வேண்டியது இன்னும் நெறைய இருக்கு. குதிரைக்குப் பின்னாடிதான்."

"அப்படித்தான் சொல்லுவீங்கன்னு அவரே சொன்னாரு," என்றாள் நடீன். "ராய்ஸ், உங்க கடையில ரப்பர் பூட்ஸ் இருக்கில்ல? முழங்கால் வரைக்கும் வர்ற மாதிரி ஒரு ஜோடி அவருக்கு எடுத்து வைக்கச் சொன்னாரு."