நூற்றுக்கு நூற்றிருபது

அரிசி ஆலையில் இன்று விளக்கெண்ணெய் பூசிய தோல்வாரின் வாசனை மூக்கில் ஏறியதும், பூனாகலைத் தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரின் தண்ணீர்ச் சக்கரம் நினைவில் சுழன்றது. ஓடை வற்றும் மாதங்களில் அம்மாவும் மூன்று பெண்களும் அதைக் கையால் தள்ள, எங்கே அம்மா வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று நான் வாசலிலேயே நிற்பேன்.

சீமையில் படித்த தோட்டத்துத் துரை, விழுந்த தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு, சக்கரத்தின் திறன் நூற்றுக்கு நூற்றிருபது என்று பூரித்தார்.

“போட்டதுக்கு மேல எந்த மிஷின் குடுக்கும்? எங்க கை என்ன, காத்தா?” என்று அம்மா சிரித்தாள்.

மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கியது அவருக்கு விளங்கவில்லை. இத்தனை நல்ல சக்கரத்துக்கு ஒருத்தி போதுமென்று மற்ற மூவரையும் கொழுந்தெடுக்க அனுப்பினார்.

மறுநாள் தனியாகத் தள்ளிய அம்மாவின் தோள் பிசகியது, சக்கரமும் நின்றது. அந்த மேதை ஓடிவந்து பார்த்து, விளக்கெண்ணெய் போடச் சொன்னார், சக்கரத்துக்கு.