நாற்பது பேருக்கு நாலு கோழி

போன வாரம் புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் மடியில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டியைச் சுற்றித் துளைகள் போட்டிருந்தார்கள். எண்ணினேன், இருபத்திரண்டு. உள்ளேயிருந்து கீச்கீச்சென்று ஓயாத சத்தம்.

"எத்தனைங்க?" என்றேன்.

"முப்பதுங்க. ஈஸ்டருக்கு ஆகும்னு வாங்கிட்டுப் போறேன்."

"ஈஸ்டர் என்னிக்குன்னு எந்தக் காலண்டர்ல பாத்தீங்க?"

"போன்லதான் பாத்தேன். ஏங்க?"

"இந்த வருஷத்துக்குத்தானே பாத்தீங்க?"

அந்த அம்மாள் பெட்டியை மெல்ல அடுத்த தொடைக்கு நகர்த்திக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பெட்டியை நகர்த்தும்போது மூடி சற்றுத் திறந்து, கடலைத்தோல் வாடையும் குஞ்சுகளின் வெதுவெதுப்பான வாடையும் சேர்ந்து வந்ததே, அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் இல்லை.

வீட்டில் கறிக்கோழி வளர்த்தால் கட்டுமா என்று, நண்பரே, நீங்கள்கூட ஒருமுறை போனில் கேட்டீர்கள். அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பினேன். சரியான பதிலைச் சொல்ல வேண்டுமானால் என் கல்யாணப் பந்தியிலிருந்து தொடங்க வேண்டும்.

எதையும் எண்ணுவது எனக்குச் சிறுவயதிலேயே தொற்றிய வியாதி. பூசையில் மெழுகுவத்தியை எண்ணுவேன், மாடிக்குப் போனால் படியை எண்ணுவேன். ஆவூர்ப் பக்கம் மாமனார் வீட்டில் எங்கள் கல்யாணச் சாப்பாடு நடந்தபோது இலைகளை எண்ணினேன். நூற்றியறுபது. சமையல்காரரிடம் எத்தனை கோழி என்று கேட்டேன். இருபது என்றார். உடனே நான், புது மாப்பிள்ளை, பந்தி நடுவில் நின்றுகொண்டு மாமனாரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்: "நூத்தியறுபது பேருக்கு இருபது கோழி எப்படிங்க பத்தும்?"

பத்தவில்லைதான். கடைசிப் பந்திக்கு வெறும் குழம்புதான் போயிற்று. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு மாமனார் மூன்று வருஷம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த இருபதும் அவரே கொல்லையில் வளர்த்த நாட்டுக்கோழிகள் என்று செலின், அதாவது என் மனைவி, சொல்லித்தான் எனக்குத் தெரியும். "கடையில வாங்கியிருந்தா அவருக்கு இவ்வளவு வலிச்சிருக்காது" என்றாள். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

நாலாவது வருஷம் செலின் எப்படியோ பேசி அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். ஈஸ்டருக்கு வருகிறார், சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு, மொத்தம் நாற்பது பேர். அன்றைக்குக் கறி குறைந்தால் என் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே நானும் வீட்டிலேயே வளர்த்துக் காட்டுவது என்று முடிவெடுத்தேன். கறிக்கோழி நாற்பத்திரண்டு நாளில் அறுப்புக்கு வரும். காலண்டரில் ஈஸ்டரிலிருந்து பின்னோக்கி எண்ணி, சரியாக நாற்பத்திரண்டாம் நாள் இருபத்தைந்து குஞ்சுகளை இறக்கினேன்.

இலுப்பூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. தரையில் நாலு விரல்கடை கடலைத்தோலைப் பரப்பி, சூட்டுக்கு ஒரு குண்டு பல்பு தொங்கவிட்டேன். முதல் வாரத்தில் இரண்டு செத்தன. மீதி இருபத்து மூன்றும் தின்றன, குடித்தன, மறுபடி தின்றன. ஒரு கிலோ எடை ஏற இரண்டு கிலோ தீனி வேண்டும். தினமும் காலையில் கடலைத்தோலைக் கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண் எரிகிற நெடி கிளம்பும். கிளறினாலும் அந்த நெடி சட்டையோடு அலுவலகத்துக்கு வரும். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் இரண்டு மேசை தள்ளிப் போய்விட்டார். ஆனால் பாருங்கள், நான் கொட்டகைக்குள் நுழைந்ததும் இருபத்து மூன்றும் ஓடிவந்து என் காலைச் சுற்றிக்கொள்ளும். அலுவலகத்தில் என்னை அப்படி வரவேற்றவர் எவரும் இல்லை.

சாம்பல் புதன் வந்தது. சாமியார் நெற்றியில் சாம்பலைப் பூசிக்கொண்டிருக்கும்போதே என் மனம் எண்ணத் தொடங்கியது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு நாற்பத்தாறு நாள். குஞ்சுகளுக்கு இன்றைக்கு வயது பதினாறு. பதினாறும் நாற்பத்தாறும் அறுபத்திரண்டு. நாற்பத்திரண்டு எங்கே போயிற்று?

வீட்டுக்கு ஓடிவந்து காலண்டரைப் பார்த்தேன். அது போன வருஷத்துக் காலண்டர். மாதா படம் அழகாக இருக்கிறது என்று செலின் அதைக் கழற்றாமல், புதுக் காலண்டரை அதே ஆணியில் பின்னால் மாட்டியிருந்தாள். ஈஸ்டர் வருஷத்துக்கு வருஷம் நகரும் பண்டிகை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மெழுகுவத்தி எண்ணுகிறவன் ஆண்டை மட்டும் பார்க்கவில்லை.

கோழிகள் தயாராகும்போது தவக்காலம் பாதியில் நிற்கும். எங்கள் தெருவில் முக்கால்வாசி வேதக்காரர்கள். தவக்காலம் முழுக்க ஒருவரும் கறி தொட மாட்டார்கள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியும் கிடையாது. நாற்பத்திரண்டாம் நாள் கடைத்தெருவில் கோழிக்கடை வைத்திருந்த பாயைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தார்.

"அம்புட்டையும் குடுத்துருங்க சார். இதுக்கு மேல வச்சிருந்தா கறி ஏறாது, கவலைதான் ஏறும்."

"இல்ல பாய். ஈஸ்டருக்கு வேணும்."

"அன்னைக்கு எங்கிட்ட வாங்கிக்கங்க."

"வீட்டுக்கோழின்னு மாமனார்ட்டச் சொல்லியாச்சு."

"சரி, மாமனாருக்காகப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே ஒன்பதை எடுத்துப் போனார். மீதி பதினாலு.

பிறகு வந்த வெயிலை நான் எந்த வருஷமும் பார்த்ததில்லை. அல்லது எந்த வருஷமும் கோழியின் பக்கம் நின்று பார்த்ததில்லை. கொழுத்த கோழிகள் நடக்க முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். கொட்டகையைச் சுற்றிச் சாக்கு கட்டி, தகரத்தின் மேல் தண்ணீர் தெளிப்பேன். ஒருமுறை தெளித்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். பெரிய வெள்ளிக்கிழமை மதியம் தெளித்துவிட்டுக் கோவிலுக்குப் போனோம். வழிபாடு மூன்று மணி நேரம் நடந்தது. திரும்பி வந்தால் பத்துக் கோழிகள் கிடந்த கிடையில் கிடந்தன.

செலின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். முருங்கை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தோம். குழியை மூடிவிட்டு, "அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேங்க" என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை பாயிடம் ஓடினேன். கூண்டுகளில் இருந்தவையெல்லாம் எங்கள் கோவில்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தவை. "இப்ப வந்து நிக்கிறீங்களே சார்" என்று அவரே வருத்தப்பட்டார். நாற்பது முட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மாமனார் வந்தார். என்னிடம் பேசாமல் நேராகக் கொல்லைக்குப் போனார். கொட்டகையைப் பார்த்தார், சாக்கைத் தொட்டுப் பார்த்தார், முருங்கை அடியில் புது மண்ணைப் பார்த்தார். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"எத்தனை போச்சு?"

"பத்து, மாமா."

அந்த மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார்.

"ஒங்க கல்யாணத்துக்கு முப்பத்தெட்டு வளத்தேன் மாப்ள. வெள்ளைக் கழிச்சல் வந்து நாலே நாள்ல பதினெட்டு போச்சு. பந்தக்கால் ஊண்டுற நேரம், யார்ட்டப் போயிச் சொல்றது? குழியத் தோண்டிப் பொதச்சுட்டு வந்து பந்தியில நின்னேன்."

முப்பத்தெட்டில் பதினெட்டு போனால் இருபது. அந்தக் கழித்தலை மூன்று வருஷம் கழித்துத்தான் போட்டேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. "தெரியாமப் போச்சு மாமா" என்றேன். "தெரிஞ்சா கேட்டிருப்பீங்களா?" என்றார்.

பந்தி தொடங்கியது. ஆளுக்கு ஒரு முட்டை, ஒரு துண்டுக் கறி, உருளைக்கிழங்கு வேண்டிய மட்டும். எல்லோரும் மரியாதையாகத் தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள். அந்த அமைதியில் மாமனார் குழம்பு வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ஏன் மாப்ள, நாப்பது பேருக்கு நாலு கோழி எப்படிப் பத்தும்?"

முதலில் சிரித்தது செலின். பிறகு நாற்பது பேரும். சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. வாளியோடு பரிமாறப் போன மாமனார் கடைசி இலை வரை தன் கையாலேயே ஊற்றினார்.

போகும்போது கொட்டகையில் கிடந்த கோழி எருவைக் கேட்டார். ஆறு மூட்டை. "இது சும்மா கெடக்கலாமா?" என்று பஸ் மேலேயே ஏற்றிக்கொண்டு போனார். ஆடி மாதம் அதே மூட்டைகளில் இரண்டு நிறையக் கத்தரிக்காய் வந்து இறங்கியது. இவ்வளவையும் வரவில் எழுதினால் கட்டும், நண்பரே. தீனியையும் எடையையும் மட்டும் பார்த்தால் கட்டவே கட்டாது.

அதன்பிறகு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வந்தார். கடைக்கறியோ வீட்டுக்கறியோ, வாளியை எட்டிப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். இப்போது அந்தக் கொட்டகை இல்லை, அந்த இடத்தில் ஒரு மாடி வீடு நிற்கிறது. முருங்கையும் இல்லை. மாமனார் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகள் ஊர் ஊராய்ப் போனபின் இரண்டு பேருக்கு அரைக் கிலோவே மிஞ்சுகிறது.

பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் அந்த அம்மாளிடம் குஞ்சு எங்கே கிடைக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டேன். நேற்று இருபத்தைந்து வந்து இறங்கின. இந்த வருஷக் காலண்டரை இரண்டு முறை பார்த்தாயிற்று. செலின் மூன்றாவது முறை பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கு இருபத்தஞ்சு எதுக்குங்க?" என்றாள்.

அவள் அப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டில் கறி பத்தாமல் போனதே இல்லை. நாற்பது பேரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.