பழனியப்பனின் பெரிய டயர்

பழனியப்பனுக்கு எதுவும் ஒரு சுற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். லயத்து வரிசை வீட்டுக்கு அவர் வாங்கிப் போட்ட டிவி சன்னலையே மறைத்துவிட்டது. அன்று முதல் அந்த வீட்டில் பகலிலும் விளக்கு எரிந்தது. ரிங்லெட் டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. அவர் போடும் சத்தத்துக்குப் பக்கத்து மலையில் கொழுந்து பறிப்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

கிளினிக்கில் ரத்தத்தில் சர்க்கரை ஏறி இனிப்புநீர் வந்துவிட்டது என்று சொல்லி, தினமும் உடம்பை அசைக்கச் சொன்னார்கள். நடப்பது சாதாரண மனிதர்கள் செய்கிற காரியம். ஆகவே அவர் பழைய மவுண்டன் பைக் ஒன்றை வாங்கினார். அதன் ஒல்லி டயர் கண்ணை உறுத்தியது. மகேனின் சைக்கிள் கடைக்குப் போய், சுவரில் தொங்கியதிலேயே தடித்த டயர்களைக் காட்டினார்.

“அண்ணே, உங்க ரிம்மு குறுகல். அந்த டயர் இதுல ஒழுங்கா ஒக்காராது லா,” என்றான் மகேன்.

“காத்தடிச்சா ஒக்காரும். நீ மாட்டு.”

அந்த டயர்கள் வெகுகாலமாக விலைபோகாமல் தொங்கியவை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்ற நிம்மதியோடு மகேன் மாட்டிக் கொடுத்தான்.

டயர் ரிம்மில் ஒடுங்கி, வெளியே பருத்து, பல்பு மாதிரி நின்றது. தோட்டமே திரும்பிப் பார்த்தது. பழனியப்பனுக்கு அது போதும். வளைவுகளில் ரிம் ஒரு பக்கமும் டயர் இன்னொரு பக்கமும் போகப் பார்த்தபோது அவர் ரோட்டைத் திட்டினார். காற்றை இறுக்கி அடித்தால் கல்லுக்குக் கல் பந்தாகத் துள்ளியது.

“என்னங்க, சைக்கிளு ஆடிக்கிட்டே போவுது?” என்றாள் மனைவி உமாதேவி.

“அது ஸ்டைல்.”

தோட்டத்தில் சைக்கிள் ஓட்டம் ஒன்று நடந்தது. வழிகாட்டியாக முன்னால் போகும் பெருமையைப் பழனியப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார். எடுக்கப்போகும் படத்தில் டயர் இன்னும் அகலமாகத் தெரியட்டும் என்று காலையிலேயே காற்றை வேறு இறக்கியிருந்தார். பின்னால் மேனேஜர் துரையும் கோலாலம்பூர் விருந்தினர்களும் வந்தார்கள். இறக்கத்தில் செம்மண் வளைவு வந்ததும் பின் டயர் நெளிந்து, ரிம்மை விட்டே கழன்றது. பழனியப்பன் பறந்து போய்த் தேயிலைச் செடிகளின் மேல் மல்லாந்து விழுந்தார். மட்டமாக வெட்டிவிட்ட செடிகள் மெத்தை போல அவரைத் தாங்கின.

“பழனி, ஓகேயா?” என்றார் மேனேஜர்.

“கொழுந்து எப்படி இருக்குன்னு பாத்தேன், துரை.”

எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தடித்த டயர்களைக் கழற்றிப் பின்பக்கம் வீசினார். உமாதேவி அவற்றில் மண்ணை நிரப்பி வெங்காயத்தாள் நட்டாள். பழனியப்பன் மறுபடியும் மகேனிடம் போனார்.

“ரிம்மு குறுகல்னு நீதானே சொன்னே? இருக்கிறதுலேயே அகலமான ரிம்மு போடு. பழைய ஒல்லி டயரே போதும்.”

“அண்ணே, இப்ப ரிம்முக்கு டயர் ஒல்லி லா...”

“நான் எது சொன்னாலும் மாத்திச் சொல்றதே ஒனக்கு வேலையாப் போச்சு.”

மகேன் மாட்டினான். அகல ரிம்மில் ஒல்லி டயர் இழுபட்டு, ரொட்டி போலத் தட்டையாகக் கிடந்தது. ரிம்மின் விளிம்பு கல்லுக்குத் தன்னைக் காட்டிக்கொண்டு நின்றது. முதல் கல்லே போதுமானதாக இருந்தது. ரிம் நசுங்கி, டியூப் கிழிந்து, பழனியப்பன் மலை முழுக்க சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ரிம்மைத் தட்டி நிமிர்த்திய மகேன் கேட்டான்: “அந்தத் தடிச்ச டயர் எங்கண்ணே? இந்த ரிம்முக்கு அதுதான் சரி.”

பழனியப்பன் வீட்டுப் பின்பக்கம் போய் நின்றார். வெங்காயத்தாள் செழிப்பாக வளர்ந்திருந்தது.

“உமா, அந்த டயர் கொஞ்சம் வேணும்மா.” கல்யாணமான நாள் முதல் அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

“வெங்காயம் அறுத்த பொறவு பாப்போம்.”

அதுவரை மண்டோர்தான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒருவழியாக டயர்களைக் கழுவி, அகல ரிம்மில் மாட்டி, அளவாகக் காற்றடித்து ஓட்டினார். ஆட்டமில்லை, துள்ளலில்லை. திருப்பிய பக்கம் சைக்கிள் திரும்பியது. செம்மண் வளைவைத் தாண்டியதே அவருக்குத் தெரியவில்லை.

ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மணியம்மாவின் அருகே நிறுத்தினார்.

“ஏதும் வித்தியாசம் தெரியலையா?”

“சைக்கிளுதானே மண்டோரே?” என்று அவள் செடிப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் அவர் ரிங்லெட்டில் ரோட்டோர ஒட்டுக்கடையில் டீயோடு உட்கார்ந்து, வந்து நிற்கும் சைக்கிள்களின் டயரையெல்லாம் அமுக்கிப் பார்க்கத் தொடங்கினார். “ரிம்மு அகலத்தைப் பாக்காம டயர் வாங்குறவன் முட்டாள்,” என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்வார், தானே கண்டுபிடித்தது போல. அவர் அனுப்பும் ஆட்கள் தன் கடைக்கு வருவதால் மகேன் வாயைத் திறப்பதில்லை. சைக்கிளில் வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இப்போது அடுத்த கடையில்தான் டீ குடிக்கிறார்கள்.