இஞ்சிக் கிண்ணம்

ஃபுங் கீலுனுக்குச் சந்தேகம்தான் சோறு போட்டது. ஹாங்காங்கின் மேற்குக் கரையில் மௌ தாக்ஹிங் முதலாளியின் மண்டியில் இருபத்திரண்டு வருஷம் தூக்குக்கோல் பிடித்தவர் அவர். சுறாத் துடுப்பை நனைத்து எடை ஏற்றுகிறவன், கடல் அட்டையின் வயிற்றில் மண்ணைத் திணிக்கிறவன், பிரம்புக் கட்டின் நடுவே அழுகலை ஒளிக்கிறவன், எல்லோரும் அவர் முகத்தைக் கண்டதும் அடுத்த மண்டிக்கு நடையைக் கட்டுவார்கள். துடுப்பை நாக்கில் வைத்தே எந்தத் துறையில் தண்ணீர் தெளித்தார்கள் என்று சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. என்னைக் கேட்டால் அதில் நாக்கு பாதி, சவடால் பாதி.

கோணல் என்னவென்றால், கோலை ஆணியில் மாட்டிய பிறகும் மனுஷன் எடை போடுவதை நிறுத்தமாட்டார். சமையல்காரன் சிரித்தால் ஏன் சிரித்தான்? சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை? மனைவி ஆயுக் வாங்கிவந்த முட்டைக்கோஸை அவள் கண்முன்னாலேயே பிரித்துப் பார்ப்பார்.

"உள்ள கல்லு வெச்சுக் கொண்டாந்திருக்கேன், நல்லாத் தேடுங்க," என்பாள் அவள். "கல்யாணத்தன்னைக்கே பல்லக்குத் திரையை விலக்கி, சொன்ன பொண்ணுதானான்னு பாத்த ஆளுதானே!"

"பாத்தது தப்பா? பொண்ணை மாத்தி அனுப்புற ஊரு உங்க ஊரு."

பெரும்புயல் அடித்த வருஷம் முதலாளியின் பாய்க்கப்பல் ஒன்று கவிழ்ந்தது. பதினொரு பேர் போனார்கள். அதில் முதலாளியின் தம்பியும் ஒருவன். அதற்குப் பிறகு அந்த மண்டியில் கழுவிய கிண்ணத்தைக்கூட யாரும் கவிழ்த்து வைப்பதில்லை. கிண்ணம் கவிழ்ந்தால் கப்பல் கவிழும் என்பது கரையோர வீடுகளில் எப்போதும் உள்ளதுதான். தம்பி பெண்டாட்டி வெள்ளை உடுத்தி உள்ளறையில் உட்கார்ந்திருக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம். ஒருநாள் சமையல்காரன் கைமறதியாக ஒரு கிண்ணத்தைக் குப்புற வைத்துவிட்டான். முதலில் பாய்ந்தது கீலுன்தான்.

"டேய், பதினொண்ணு போதாதா உனக்கு?" என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவர் சந்தேகம் முதலாளி பக்கமே திரும்பியது. முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, எடையைக் கூவிச் சொல்கிற சௌ குவாய்க்குக் கோல் பிடிக்கக் கற்றுக்கொடு என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் கொல்லன் வந்து பின்கிடங்குக் கதவை அளந்து புதுப் பூட்டு போட்டான். சாவியைக் கீலுன் கண்ணில் யாரும் காட்டவில்லை. மூன்றாவது, முதலாளியும் கப்பல் தலைவன் ஹா சிங்கும் ஏதோ பேசிக்கொண்டிருக்கையில் இவர் உள்ளே நுழைந்தார். பேச்சு பட்டென்று நின்றது.

"என் இடத்துக்கு ஆள் பாத்தாச்சு," என்றார் வீட்டில்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் சந்தேகம்."

குவாய்க்குச் சொல்லிக்கொடுத்தார், ஆனால் முழுக்க இல்லை. கோலின் புள்ளிகளைக் காட்டினார், எடைக்கல்லை நகர்த்தும் பக்குவத்தைக் காட்டினார். கடல் அட்டையின் வயிற்றைக் கீறிப் பார்க்கிற விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டார்.

"லுன் அண்ணே, இவ்வளவுதானா?" என்று குவாய் வாயெல்லாம் பல்லாகக் கேட்டான்.

"இருபத்திரண்டு வருஷம் உனக்கு இவ்வளவாத் தெரியுதா?" என்று சீறினார்.

இனிப் புத்தாண்டு இரண்டாம் நாள் விருந்துக்குத்தான் காத்திருக்க வேண்டும். அந்த ஊர் மண்டிகளில் யாரையும் வேலையை விட்டுப் போ என்று வாயால் சொல்வதில்லை. முதலாளி முதல் கோழித் துண்டை எடுத்து யார் கிண்ணத்தில் வைக்கிறாரோ, அவன் அதைத் தின்றுவிட்டு நன்றி சொல்லிப் பாயைச் சுருட்ட வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. யாரையும் அனுப்புகிற எண்ணம் இல்லையென்றால் முதல் துண்டைத் தன் கிண்ணத்திலேயே போட்டுக்கொள்வார், எல்லோருக்கும் மூச்சு வரும்.

துறைமுகத்தில் மணி சொல்லும் நடுப்பகல் பீரங்கி வெடித்ததும் உட்கார்ந்தார்கள். ஒன்பது பேர். பத்து நாளில் தெற்கே கப்பல் எடுக்க வேண்டிய ஹா சிங், முதலாளிக்கு வலப்பக்கம். வேகவைத்த கோழி நடுவில் பளபளத்தது. அதற்குத் தொட்டுக்கொள்ளும் இஞ்சி எண்ணெய்க் கிண்ணத்தைச் சமையல்காரன், இடம் இல்லாமல், கீலுன் முன்னால் வைத்துவிட்டுப் போனான். கீலுன் அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது குவாயை. குவாய் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். தெரிந்துதான் குனிகிறான், திருட்டுப் பயல். உண்மையில் துண்டு தன் கிண்ணத்தில் விழுமோ என்று அவனுக்கும் பயம்தான், அதை எடை போட இவருக்கு ஏது நேரம்?

முதலாளி சாப்பாட்டுக் குச்சியால் ஒரு துண்டை எடுத்தார். குச்சி அவர் கிண்ணத்துக்குப் போகவில்லை. மேஜையைத் தாண்டி வந்தது. கீலுனை நோக்கி நேராக வந்தது.

இருபத்திரண்டு வருஷம் கோல் பிடித்துவிட்டு, இத்தனை பேர் முன்னால் அதைத் தின்று நன்றி வேறு சொல்ல வேண்டுமா? துண்டு விழுமுன் தன் கிண்ணத்தைப் பிடித்துப் படாரென்று கவிழ்த்தார்.

"வேணாம் முதலாளி. நானே போயிடறேன்."

குச்சி அவர் கிண்ணம் வரை வரவேயில்லை. இஞ்சி எண்ணெய்க்கு மேலே நின்றது. துண்டு அதில் தோய்ந்தபடி இருந்தது.

திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம் உள்ளறையில் தம்பி பெண்டாட்டி வீறிட்டு அழ ஆரம்பித்தாள். ஹா சிங் எழுந்துவிட்டான்.

"இந்த ஆள் கை பட்ட சரக்கை நான் ஏத்தமாட்டேன். நான் ஏத்தினாலும் என் ஆளுங்க ஏறமாட்டாங்க."

முதலாளி கீலுனைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லுன், இஞ்சி உன் பக்கத்துல இருந்துச்சுப்பா."

மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். புதுச் சாவி, சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. "பின்கிடங்கு முழுக்க இனி உன் பொறுப்புன்னு இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் குவாய்க்குக் கோலைப் பழக்கச் சொன்னேன். ஹா சிங்கைக் கேளு, மாசக்கணக்கா இதைத்தான் பேசிக்கிட்டிருந்தோம்."

முதலாளி அந்தக் கிண்ணத்தைத் தானே நிமிர்த்தி, சட்டைக் கையால் துடைத்து, இஞ்சி சொட்டுகிற துண்டை அதில் வைத்தார். ஹா சிங் நின்றுகொண்டே பார்த்திருந்தான். கீலுன் அதைத் தின்றார், எலும்பைத் துப்பினார், நன்றி சொன்னார்.

வீட்டில் பாய்ச் சுருளைப் பார்த்ததும் ஆயுக்குக்குப் புரிந்துவிட்டது.

"அப்போ நீங்க சந்தேகப்பட்டது சரிதான்."

"இல்ல யுக். நானாக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்," என்று எல்லாவற்றையும் சொன்னார். எப்போதும் கிண்டல் பண்ணுகிறவள் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தாம் மாதம், தென்காற்றில், ஹா சிங்கின் கப்பல் ஓர் ஆள் குறையாமல் கரை சேர்ந்தது. கீலுன் அப்போது படித்துறையில் வறுத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். ஒருவர் விடாமல் எண்ணிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அதே கப்பலில் வந்த ஒரு வெளியூர் வியாபாரியின் கடல் அட்டை கூடை கூடையாக இறங்கியது. குவாய் கோல் பிடித்திருந்தான். கல் நகர்ந்த இடத்தைக் கீலுன் தூரத்திலிருந்தே பார்த்தார். அந்தக் கூடைக்கு அந்த எடை ஆகவே ஆகாது. வயிறு முழுக்க மண். கடலைக் கூடையைத் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

"குவாய், எடைக்கு முன்னாடி வயித்தைக் கீறிப் பாருப்பா. நான் உனக்குச் சொல்லாம விட்டது அது."

குவாய் அவரை மேலும் கீழும் பார்த்தான். விற்க வந்தவன் முகத்தைப் பார்த்தான். மறுபடி கீலுனைப் பார்த்தான்.

"அப்ப சொல்லாததை இப்ப எதுக்கு அண்ணே சொல்றீங்க?" என்றான். "உங்களுக்கு இதுல என்ன?"

கத்தியை எடுக்காமலே அடுத்த கூடையைக் கோலில் மாட்டினான்.