பெரிய பல்சக்கரம்

செயின் மை ஒட்டிய இரண்டு விரல்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். என் மனைவியின் விரல்கள். கல்கத்தாவில் கார்டன் ரீச் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது, அவள் வேலை விட்டு வந்ததும் முதல் காரியமாக அந்த இரண்டு விரல்களையும் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். ஒரு நர்சிங் ஹோமில் சமையல் வேலை அவளுக்கு. பாத்திரக் கரி என்று நினைத்துக்கொண்டேன். பல மாதம் அப்படியேதான் நினைத்தேன்.

அதற்கு முந்தைய துர்கா பூஜைக்கு போனஸ் வாங்கிக்கொண்டு பென்டிங்க் தெருவுக்குப் போயிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. கறுப்பு சைக்கிள் ஒன்று வாங்கி வருவதாகத்தான் வீட்டில் பேச்சு. பின்னால் கேரியர், முன்னால் கூடை. அவள் கேட்டது அவ்வளவுதான். கடை வாசலில் இந்த சைக்கிள் நின்றது. நீலமும் மஞ்சளும். கட்டை கட்டையாய் ரப்பர் துருத்திய தடி டயர். மிதிக்கிற இடத்தில் மூன்று பல்சக்கரம், பின்சக்கரத்தில் ஆறு. மலை ஏறுகிற சைக்கிள், இந்த ரகத்தில் இதைவிட மலிவு கிடையாது, முன்னால் இருக்கிற மூன்றுக்கு மட்டும் லீவர் இல்லை, செயினைக் கையால்தான் மாற்ற வேண்டும் என்றார் கடைக்காரர். தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். அப்போது எனக்கு நாற்பது வயது. வேண்டும் என்று நான் கேட்டு வாங்கிய பொருள் அதுவரை ஒன்றும் இல்லை. வாங்கிவிட்டேன். வழியெல்லாம் டயர் உர்ரென்று சத்தம் போட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை, பெல்லும் இல்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். கடைசியில் சீட்டுக்குப் பின்னால் கையால் காற்றைத் தடவிக் காட்டிக் கேட்டாள். "கேரியர் இல்லாத சைக்கிள்ல பொண்டாட்டிய எங்க வச்சிக் கூட்டிட்டுப் போவீய? தோள்லயா?" சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

கிடர்பூர் டாக்கில் நான் வின்ச் ஓட்டினேன். கப்பலில் இருந்து சரக்கைத் தூக்கி இறக்குகிற இயந்திரம். அங்கே எல்லோருக்கும் கறுப்பு சைக்கிள். என் வண்டியைப் பார்த்ததும் கூடிவிட்டார்கள். "ஓ மாத்ராஜி தா, பாஹாட் கோதாய்?" என்று கேட்டான் என்னோடு வின்ச் ஓட்டிய வங்காளி. மதராசி அண்ணே, மலை எங்கே என்கிறான். மழை நாளில் மட்கார்டு இல்லாமல் சட்டை முதுகில் இடுப்பிலிருந்து கழுத்து வரை சேற்றுக் கோடு விழும். அதோ மலைப்பாதை என்று அதற்கும் ஒரு சிரிப்பு. பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் எல்லோரையும் உட்கார வைத்து கியரை விளக்கினேன். வின்ச்சில் நாங்கள் பாடமாகப் படித்தது ஒன்று உண்டு. கனத்துக்குப் பெரிய சக்கரம், வேகத்துக்குச் சின்னச் சக்கரம். இதிலும் அதேதான், மேடு வந்தால் முன்னால் இருக்கிற பெரிய சக்கரத்தில் செயினைப் போடு என்றேன். பின்னால் இருக்கிற ஆறைத் தொடவே கூடாது, அது கம்பெனி வைத்தபடி இருக்கட்டும் என்றும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வின்ச் தெரிந்தவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? டாக்கைச் சுற்றி எல்லாம் சமதரை. நான் சொன்னது சரியா என்று பார்க்க எனக்கே ஒரு மேடு கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் சரக்கு எல்லாம் பெட்டிக்குள் வர ஆரம்பித்தது. பெரிய இரும்புப் பெட்டி. அதைத் தூக்க வேறு இயந்திரம், வேறு ஆட்கள். எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை இருந்தால் அதிகம். அப்போதுதான் அவள் நர்சிங் ஹோம் வேலைக்குப் போனாள். தாராதலா தாண்டி. காலை ஆறரைக்கு நோயாளிகளுக்குக் கஞ்சி போயாக வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பஸ் டாக் பாலத்தைத் தாண்டிப் போகும். கப்பல் வந்தால் அந்தப் பாலம் திறந்துகொள்ளும். கப்பல் உள்ளே போய், பாலம் மூடுகிற வரை இந்தப் பக்கம் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். முதல் மாதமே இரண்டு தடவை அப்படி மாட்டிக்கொண்டாள். இன்னொரு நாள் தாமதித்தால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கப்பல் வந்தால்தான் எனக்குக் கூலி. கப்பல் வந்தால் அவளுக்கு வேலை போகும். எங்கள் நிலைமை அப்படி இருந்தது.

சைக்கிளில் போகிறேன் என்று அவளே சொன்னாள். தூத்துக்குடியில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாடகை சைக்கிள் ஓட்டியவள். டாக் பாலத்துக்குப் போகாமல் சுற்று வழி ஒன்று உண்டு. தூரம் அதிகம், நடுவில் ஒரு ரயில் மேம்பாலம் ஏற வேண்டும். ஆனால் எந்தக் கப்பலும் மறிக்காது. வங்காளிப் பெண்களைப் போல சல்வார் தைத்துக்கொண்டாள். நான் கியரைச் சொல்லிக் கொடுத்தேன். கனத்துக்குப் பெரிய சக்கரம். சரி என்றாள். முதல் மாதம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மேட்டில் பாதிக்கு மேல் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, அதற்காக இன்னும் முன்னாலேயே கிளம்புகிறேன் என்றாள். பழகிவிடும் என்றேன். கொஞ்ச நாளில் தைலம் நின்றது. கிளம்புகிற நேரமும் பழையபடி ஆனது. பார்த்தாயா என்றேன். ஆமா, நீங்க சொன்னது சரிதான் என்றாள். டாக்கிலும் போய்ச் சொன்னேன்.

மழைக்காலம் முடிகிற சமயம், தாராதலாவில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கக் கூப்பிட்டார்கள். லாரியில் போனோம். விடிந்து கொஞ்ச நேரம்தான். மேம்பாலத்தில் எங்கள் லாரி முக்கிக்கொண்டு ஏறியது. முன்னால் அவள். கறுப்பு சைக்கிள்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று மிதிக்கிறார்கள். சிலர் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கால் இரண்டும் தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது. ஒவ்வொருவராகத் தாண்டிப் போகிறாள். "பாருங்க தாதா, அண்ணி பறக்கிறாங்க. உங்க பெரிய சக்கரம் பண்ற வேலை," என்று என் தோளில் தட்டினான் அந்த வங்காளி. நான் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செயின் இருந்தது சின்னச் சக்கரத்தில்.

அன்று மத்தியானமே வேலை முடிந்துவிட்டது. எங்கள் சந்து முனை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தாள். வீட்டுக்கு முப்பது அடி முன்னால், குழாயடியில் இறங்கினாள். சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கினாள். குனிந்து இரண்டு விரலால் செயினை நெம்பிப் பெரிய சக்கரத்தில் ஏற்றி, மிதியைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். பிறகு தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நான் டீயை வைத்துவிட்டேன்.

கோபம் வரவில்லை. அந்த வருஷம் டாக்கில் எனக்கு வின்ச் இல்லை. வின்ச் தெரியும் என்கிற பேர்தான் மிச்சம். அது அவளுக்குத் தெரியும். அதற்காக தினமும் வேலை முடிந்த களைப்பில் குழாயடியில் நின்று விரலைக் கறுப்பாக்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் மேட்டில் செயின் தானாக நழுவிச் சின்னதில் விழுந்ததாம். வண்டி உடைந்துவிட்டது, வேலை போச்சு என்று பயந்தாளாம். மிதித்தால் லேசாக இருந்ததாம். இதெல்லாம் பிற்பாடு சொன்னது.

இப்போது நியூ டவுனில் மகள் வீட்டில் இருக்கிறோம். பிளாட்டுப் பிள்ளைகள் எல்லோரிடமும் கியர் சைக்கிள். பால்கனியில் நின்று, யாருக்குச் செயின் எந்தச் சக்கரத்தில் என்று பார்ப்பேன். லிஃப்ட் ஓடாத நாளில் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறாள். அதில் அந்த முதல் மாதத்து வலியும் கொஞ்சம் இருக்கும். அது நான் கொடுத்தது.

குழாயடியில் பார்த்த பிறகு ஒரு வாரம் சும்மா இருந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிறகு ஒரு காலை அவள் அடுப்படியில் இருந்தபோது, மாடிப்படிக்கு அடியில் நிறுத்தியிருந்த வண்டியிடம் போனேன். செயினைச் சின்னச் சக்கரத்தில் போட்டேன். உள்ளே வந்து உட்கார்ந்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தாள்.

"வண்டிய யாரு தொட்டா?"

"நான்தான்."

"எதுக்கு?"

"வழியில மேடு இருக்குல்லா."

அவள் வாசற்படியிலேயே நின்றாள். துப்பட்டாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

"பெரிய சக்கரம்னு டாக் பூரா சொல்லி வச்சிருக்கீய. அவனுவ கேட்டா?"

"தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுதேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். நான் டாக்குக்குப் போய்ச் சொன்னேன். மலைக்காரர் தப்பு மலையில் ஏறிவிட்டார் என்று நாள் முழுக்கச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்தேன். டயர் சத்தம் முதலில் கேட்டது. குழாயடியில் அவள் இறங்கவில்லை. நேரே வீட்டுக்குப் போனாள்.